இடது பக்கத்துப் பட்டன்

கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருக்கனே, அதப் பாக்கறீங்களா, இல்ல கையப் பாக்கறீங்களா? பரவால்லீங்க, பாருங்க. பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவங்க எல்லாரும் மொதல்ல கையத்தான் பாப்பாங்க. அப்புறம் டக்குனு ஜன்னலப் பாப்பாங்க. பொள்ளாச்சி வரைக்கும் ஜன்னலயே பாத்துட்டு வந்தா உங்க கழுத்துதான் வலிக்கும். அதனால நானே சொல்லீர்றேன்.

வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்ல. இடது கையில ஆள்காட்டி விரல் நுனி இல்ல. மத்ததெல்லாம் இருக்குது.

பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில ஒரு பிரஸ் ஷாப்புல ஃபோர்மேனா இருக்கறேன். மோட்டாருக்குள்ள வட்டமா தகடு அடுக்கியிருக்குமில்லீங்க, அதுல பல்லுப் பல்லா வெட்டற சோலி. மேல இருந்து டை, அதாவது வெட்டற அச்சு, எறங்கும், தகட்ட வெட்டும், மேல போகும். மேல போன நேரத்துல நாம கைய உள்ள வுட்டு, வெட்டுனத எடுத்துட்டுப் புதுத் தகட்ட வெக்கோணும். எறங்கற நேரத்துல கை உள்ள இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தொழிலு. கத்துக்க அரை நாள் போதும். நான் கத்துக்கிட்டதும் அரை நாள்லதான்.

விரல் போனதா? அது மெஷின் மேல தப்பு இல்லீங்க. எதுத்த மெஷின்ல இருந்தவரு சாப்டாச்சான்னு கேட்டாரு. ஆச்சுங்கன்னு சொல்லத் திரும்புனேன். அப்பெல்லாம் காலால மிதிக்கற பெடலு. கால் பாட்டுக்கு மிதிச்சுருச்சு. மொதலாளி அவரு தோள்ல இருந்த துண்டையே எடுத்துக் கையில சுத்தி, அவரே ஆட்டோவுல ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அந்த மாதிரி மனுசன் இப்பக் கெடைப்பாங்களா? நுனி போனது வேற தடவை. அத வுடுங்க, அது சின்னது.

எங்க தொழில்ல இது ஒரு குத்தமே இல்லீங்க. வேலை கேட்டு ஒருத்தன் வந்தா மொதலாளி பேரு ஊரெல்லாம் கேக்க மாட்டாரு. "கையக் காட்டு"ம்பாரு. பத்து விரலும் இருந்தா, புது ஆளு, யோசிக்கோணும். ஒண்ணு போயிருந்தா, தொழில் தெரிஞ்சவன். ரெண்டு போயிருந்தா, இனிமே சூதானமா இருப்பான், உடனே சேத்துக்கலாம். நான் ஃபோர்மேன் ஆனது அப்படித்தான். எல்லாருக்கும் கையத் தூக்கிக் காட்டித்தான் நான் சோலி சொல்லிக் குடுப்பேன். மறந்து போவானுங்களா பின்ன?

அப்புறம்தான் இந்த ரெண்டு பட்டன் வந்துச்சு. எங்ககிட்டத் தகடு வாங்கற பெரிய கம்பெனிக்காரங்க வந்து பாத்தாங்க. ஆளுங்க கைக்குப் பாதுகாப்பு இல்லாட்டி சரக்கு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. மொதலாளி பெடலைக் கழட்டிட்டு, மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன் வெச்சாரு. ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் டை எறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா உள்ள வுட மூணாவது கை ஏது? அதுதான் கணக்கு. கெட்டிக்காரத்தனமான சாமானுதாங்க, நான் இல்லைங்கல.

ஆனா சோலி ஓடோணுமில்ல? ஒவ்வொரு தகட்டுக்கும் ரெண்டு கையையும் வெளிய எடுத்து, அகல விரிச்சு, அமுக்கி, மறுபடி உள்ள வுட்டு... அந்தி வரைக்கும் கும்பிடு போட்டுட்டே இருக்கற மாதிரி. அதனால நான் ஒரு ரோசனை பண்ணுனேன். பழைய சைக்கிள் ட்யூப அரை முழம் வெட்டி, இடது பக்கத்துப் பட்டன அமுக்குன வாக்குலயே இறுக்கிக் கட்டிட்டா? மெஷினுக்கு அந்தக் கை எப்பவும் அங்கயே இருக்கற மாதிரி. அப்புறம் வலது கை அமுக்கும், இடது கை தகடு வெக்கும். சரக்கு மளமளன்னு போகும். கம்பெனிக்காரங்க வர்ற அன்னைக்கு ட்யூப அவுத்துருவோம். போனதும் கட்டிருவோம். சுத்துவட்டாரத்துல இருக்கற ஷாப்புக்காரங்க எல்லாம் எங்கிட்ட வந்து பாத்துட்டுப் போயிக் கட்டுனாங்க. நான் யாருகிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல.

என்ர பையன் லோகு. லோகநாதன். ஒரே பையன். அவனையும் அதே மெஷின்லதான் உக்கார வெச்சேன். நம்ம கண்ணு முன்னால இருப்பான்னுதான். பத்து விரலும் அப்படியே இருந்துச்சு. வேகமான பையன்.

அவனுக்குப் பொண்ணு பாத்தோம். இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். தரகரு கிணத்துக்கடவுல ஒரு எடம் சொன்னாரு. பொண்ணு பேரு வாசுகி. அவளும் பிரஸ்லதான் சோலி, அரசூர்ப் பக்கம் பெரிய கம்பெனியில. நல்லதாப் போச்சு, வீட்ல பேச ஒரு விசயம் இருக்கும்னு நெனச்சேன். அவங்கப்பா சின்னையன்னு பேரு, அவரும் நம்ம தொழிலு. வலது கையில கட்டை விரல் மட்டுந்தான் மிச்சம். வீடு பாக்க வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் வணக்கம் வெச்சுக்கிட்டோம். ரெண்டு பேருதையும் சேத்தாக்கூட ஒரு முழு வணக்கம் வந்திருக்காது. "எத்தனை டன் மெஷினுங்க?"ன்னு அவரு கேட்டாரு. சொன்னேன். "எனக்கும் அதேதானுங்க"ன்னாரு. ஒறவு கூடிப்போச்சுன்னுதான் நெனச்சேன்.

எங்க பக்கத்துல மாப்பிள்ளை வீடு பாக்கப் பொண்ணு வர்ற வழக்கமில்லீங்க. இது வந்துச்சு. வீட்டப் பாக்கல. சமையக்கட்டப் பாக்கல. காப்பியக் குடிச்சுட்டு, "மெஷினப் பாக்கோணுமுங்க"ன்னுது.

எந்த மெஷினு அம்மிணின்னேன். இவரு உக்கார்ற மெஷினுன்னு லோகுவக் காட்டுது. அவங்கப்பன் தரையப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. தரகரு சிரிச்சு மழுப்பப் பாத்தாரு. அவ சிரிக்கல.

"எங்கப்பனுக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டு வுடறேன். பள்ளிக்கூடம் போறப்ப இருந்து. சோத்தப் பெசஞ்சு வெக்கறேன். வேட்டி கட்டி வுடறேன். அவரு எங்கப்பன், செய்வேன். இன்னொருத்தருக்கு முதல்ல இருந்து செய்ய எனக்குத் தெம்பு இல்லீங்க. நகை நட்டு நான் கேக்கல. மெஷினக் காட்டுங்க"ன்னா.

அத்தனை பேரு முன்னால. பாருங்க, என்ன பேச்சுன்னு.

ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போனேன். ஷாப்பு லீவு. நான் வெறும் ஆளா? முந்தின நாளே ட்யூப அவுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். மெஷினுக்குப் பெயின்ட் அடிச்சேன். கம்பெனிக்காரங்க வந்தாக்கூட அவ்வளவு பண்ண மாட்டோம். ரெண்டு பட்டனும் பளிச்சுனு இருக்குது. "பாரம்மிணி, ரெண்டு கையாலயும் அமுக்குனாத்தான் எறங்கும்"னு நானே அமுக்கிக் காட்டுனேன்.

அவ பெயின்டப் பாக்கல. வந்து வலது பட்டன் மேல வெரல வெச்சுத் தடவுனா. அப்புறம் இடது பட்டன் மேல. மறுபடி வலது.

"வலது தேஞ்சு வழுவழுன்னு இருக்குது. இடதுல புதுசுல கடைஞ்ச கீறல் அப்படியே இருக்குது. இந்தப் பட்டன யாரும் அமுக்குனதில்லீங்களா?"

லோகு மூஞ்சி செவந்து போச்சு. அவ அவனப் பாத்துத்தான் சொன்னா. கோவமில்ல, சத்தமில்ல. "இந்தப் பட்டனும் அந்தப் பட்டன் மாதிரி தேயட்டுமுங்க. அப்புறம் சொல்லியனுப்புங்க. நான் காத்திருக்கேன்." அவங்கப்பனக் கூட்டிட்டுப் போயிட்டா.

அவ கம்பெனி மெஷின்ல ட்யூபெல்லாம் கட்ட முடியாதாமுங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையையும் எடுத்து எடுத்து அமுக்கோணும். கட்டி வெச்சா மெஷின் அப்படியே நின்னு போகுமாம். மனுசன நம்பாத மெஷினு. அதுல சோலி செஞ்சு செஞ்சு இவளுக்கும் அந்தக் கொணம் வந்துருச்சுன்னு லோகுகிட்டச் சொன்னேன். வேற எடம் பாக்கலாம்டா, பொண்ணா இல்ல ஊர்ல?

திங்கக்கெழம நான் ட்யூபக் கட்டப் போனா, லோகு என்ர கையப் புடிச்சுக்கிட்டான். "வேண்டாங்ப்பா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்னையில இருந்து ரெண்டு கையாலதான் அமுக்கறான். பாதிச் சரக்குகூட ஆகல. பக்கத்து மெஷின்காரன் எல்லாம் சிரிக்கறான், "மாப்ள கும்பிடு போடறாரு"ன்னு. மொதலாளி என்னக் கூப்புட்டு, என்ன நாச்சிமுத்து, உம்பையனே இப்படிப் பண்ணுனா மத்தவன நான் என்ன கேக்கறதுன்னாரு. கல்யாணம் ஆகற வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னேன். வீட்ல நானும் அவனும் பேச்சே இல்ல. ருக்மணி, என்ர சம்சாரம், இருந்திருந்தா நடுவுல நின்னு பேசியிருப்பா. அவ போயிட்டா. சோறு வெப்பான், நான் சாப்புடுவேன். நான் வெச்சா அவன் சாப்புடுவான். ரசம் நல்லாருக்குன்னுகூட ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. பெத்த அப்பன் கட்டுன ட்யூப அவுக்கறதுன்னா, அது அப்பனையே வேண்டாங்கற மாதிரித்தானுங்களே?

ஒரு நாள் மத்தியானம். எனக்கு மனசு கேக்கல. எத்தனை நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறதுன்னு, அவன் பின்னாடி போயி நின்னு, "சாப்டியாடா?"ன்னேன்.

திரும்புனான். ரொம்ப நாள் கழிச்சுக் கூப்புட்டனில்ல, சந்தோசமாத் திரும்புனான். "இன்னும் இல்லீங்ப்பா"ன்னான். அவன் வலது கை பழக்கத்துல பட்டன அமுக்கிட்டு இருக்குது. இடது கை உள்ள இருக்குது. தகட்டப் புடிச்சபடியே, டைக்கு அடியில.

மெஷின் சும்மா நின்னுச்சுங்க.

ட்யூப் இல்லையில்ல, இடது பட்டன அமுக்க யாரும் இல்ல. அதனால எறங்கல. அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கைய எடுத்துட்டு, "நீங்க சாப்டீங்களா?"ன்னு கேக்கறான். நான் சாப்டேன்னேன். சாப்டல. போயி கொழாயில தண்ணி குடிச்சேன். பயந்துட்டேன். சொல்றதுக்கென்ன, பயந்துட்டேன்.

ஆனா ஒண்ணுங்க. அன்னைக்கு ஒரு தகடு கம்மி. அதயும் சொல்லோணுமில்ல.

அதுக்கப்புறம் எனக்கு இந்தக் கல்யாணம் சீக்கிரம் முடிஞ்சாத் தேவலைன்னு ஆயிப்போச்சு. காலம் போகுது, வயசாகுது, வேற ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் பட்டன் எப்பத் தேயறது? இரும்புப் பட்டனுங்க. வலது பட்டன் தேயறதுக்கு எத்தனை வருசமோ ஆச்சு. இவ காத்திருக்கேன்னுட்டுப் போயிட்டா. பொம்பளப்புள்ள எத்தனை நாளைக்குக் காத்திருப்பா? வேற எவனாவது ரெண்டு பட்டனும் தேஞ்ச மாப்பிள்ளை வந்துட்டான்னா?

தொழில் தெரிஞ்ச ஆளு சும்மா இருப்பனா? ஒரு சாயங்காலம் எல்லாரும் போனதுக்கப்புறம் உப்புத்தாள எடுத்தேன். முதல்ல முரட்டுத் தாளு, அப்புறம் சன்னத் தாளு, கடைசியில எண்ணெயத் தொட்டுத் துணியில. இடது பட்டன வலது பட்டன் மாதிரியே கொண்டாந்துட்டேன். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா என்னாலயே சொல்ல முடியாது. தரகர்கிட்ட, வரச் சொல்லுங்கன்னேன்.

மறுபடி ஒரு ஞாயித்துக்கெழம. சின்னையன் வந்தாரு, அவ வந்தா. லோகு நல்ல சட்டை போட்டுட்டு மெஷின்கிட்ட நின்னான். அவன் மூஞ்சியில ஒரு தெளிவு. நான் ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓரமா நின்னேன்.

அவ வந்து வெரல வெச்சா. எடுத்தா. வெரல மோந்து பாத்தா.

"உப்புத்தாளு போட்டுத் தேச்சிருக்குதுங்க"ன்னா.

லோகு ஓடி வந்து தொட்டுப் பாத்தான். அப்புறம் என்னப் பாத்தான். அந்தப் பார்வைய நான் மறக்க மாட்டேன். "அப்பா, போன மாசமே வழுவழுப்பு வந்துருச்சுங்ப்பா. அந்தக் கீறல் பாதி போயிருச்சு. நான் தெனமும் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன். இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னான்.

எனக்கு எப்படிங்க தெரியும்? தடவிப் பாக்கற விரல்தான எனக்கில்ல. கண்ணுக்குப் புதுசாத்தான் தெரிஞ்சுச்சு. மாசக்கணக்கா அவன் கும்பிட்டுக் கும்பிட்டுத் தேச்சத, நான் ஒரு சாயங்காலத்துல அழிச்சுட்டேன். உதவி பண்ணப் போயி.

அவ தலையக் குனிஞ்சுட்டா. அவளுக்கும் அழுகை வந்திருக்கும்னு நெனக்கறேன், எனக்குத் தெரியல. சின்னையன் மககிட்ட, "போலாம் சாமி"ன்னாரு. அவ ரெண்டு எட்டு வெச்சுட்டுத் திரும்புனா. லோகு முன்னால வந்து நின்னா.

"கையக் காட்டுங்க"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மொதலாளி கேக்கற அதே வார்த்தை. லோகு ரெண்டு கையையும் நீட்டுனான், உள்ளங்கை மேல பாக்கற மாதிரி. பத்து விரல். அவ விரல எண்ணல. ரெண்டு உள்ளங்கையிலயும், அடியில, மணிக்கட்டுக்கு மேல சதை இருக்குதில்லீங்க, பட்டன அமுக்கற எடம், அங்க ரெண்டு கட்டை விரலயும் வெச்சு அழுத்திப் பாத்தா. வலதுல காய்ப்பு இருந்துச்சு. இடதுலயும் இருந்துச்சு. வலதுல இருக்கறது பழசு, மஞ்சளா. இடதுல இருக்கறது புதுசு, செவப்பா. ஆனா இருந்துச்சு. அவ கைய வுடவே இல்ல, ரொம்ப நேரம். தரகரு தொண்டையச் செருமுனாரு.

"இதுக்கு உப்புத்தாளு போட முடியாதுங்ப்பா"ன்னு அவங்கப்பன்கிட்டச் சொன்னா.

வைகாசியில கல்யாணம். நகை கேக்கல, சொன்ன மாதிரியே. அந்த சைக்கிள் ட்யூபு மட்டும் எங்கன்னு கேட்டா. குடுத்தேன். அதுல கொடிக்கயித்த இழுத்துக் கட்டி இப்ப வீட்டுக்குப் பின்னால துணி காயுது. கல்யாணம் ஆனா லோகு பழையபடி ட்யூப் கட்டீருவான்னு மொதலாளி நெனச்சாரு. கட்டல. பக்கத்து மெஷின்காரன் சிரிச்சானில்ல, அவன் சம்சாரம் கல்யாணத்துக்கு வந்துட்டு வாசுகிகிட்ட ஓரமா நின்னு என்னமோ பேசுச்சு. மறுநாள் அவனும் அவுத்துட்டான். இப்ப ஷாப்பே கும்பிடுது. நான் ஃபோர்மேன்னுதான் பேரு, என்ர கையத் தூக்கிக் காட்டுனா இப்ப எவனும் பாக்கறதில்ல. பட்டனக் காட்டிச் சொல்லிக்கறானுங்க.

சரி, கழுத்துப் பொத்தானு கேட்டீங்களே. கேக்கலையா? கேக்கோணும்னு நெனச்சீங்க.

முன்னெல்லாம் ருக்மணி போட்டு வுடுவா. அவ போனதுக்கப்புறம் நான் சட்டைப் பொத்தானக் கழட்டறதே இல்ல. பனியன் மாதிரி தலை வழியா மாட்டிக்குவேன். மேல் ரெண்டு எப்பவும் தொறந்தே கெடக்கும். யாராவது கேட்டா, காத்தோட்டமா இருக்கும்னுருவேன். இன்னைக்குச் சம்பந்தி வீட்ல விசேசம். லோகுவும் வாசுகியும் வண்டியில முன்னால போயிட்டாங்க. நல்ல சட்டையா இருக்கட்டும்னு இஸ்திரிக்குக் குடுத்திருந்தேன். அந்தப் பாவி எல்லாப் பொத்தானையும் கழட்டி மடிச்சுக் குடுத்திருக்கறான். அவங்க கெளம்பறதுக்கு முன்னால ரூமுக்குள்ள நின்னு மல்லுக்கட்டறேன், வெளிய லோகு வண்டிய ஒதைக்கற சத்தம் கேக்குது. முடியல. சட்டைய ரெண்டு பக்கமும் கையில புடிச்சுட்டு வெளிய வந்து, இப்படியே இருக்கட்டும், காத்தோட்டமா இருக்கும்னேன்.

அவ தண்ணி பாட்டில்ல ஊத்திட்டு இருந்தா. கீழ வெச்சா. "நில்லுங்க மாமா"ன்னா. கிட்ட வந்து அடியில இருந்து ஒவ்வொண்ணாப் போட்டா. நான் அவ தலைக்கு மேல செவத்துல காலண்டரப் பாத்துட்டு நின்னேன்.

அன்னைக்கு அத்தனை பேரு முன்னால என்ன சொன்னா? இன்னொருத்தருக்குப் போட்டு வுடத் தெம்பு இல்லைன்னு சொன்னாளா இல்லையா? ஞாபகப்படுத்தலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்ன சொல்லுல நிக்காத புள்ளைங்க. அவ மேல எனக்கிருக்கற கொறை இது ஒண்ணுதான்.

கழுத்துப் பொத்தானையும் சேத்துப் போட்டுட்டா. அவங்கப்பனுக்கு அப்படிப் போட்டுப் பழக்கமாட்டம் இருக்குது.

கழட்டி வுடட்டுமாங்கறீங்களா? வேண்டாங்க, வேண்டாங்க. புழுக்கந்தான், இருக்கட்டும். கிணத்துக்கடவு வந்துரும். நீங்க அந்த ஜன்னல மட்டும் சித்தெ தொறந்து வுடுங்க.